பற்கூழும் ஒவ்வாமையும்

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊர்கள் தொடர்ந்து சென்று, களியக்காவிளையில் தமிழ்நாட்டைத் தொடுகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி நாவைப் பிரிக்கவில்லை. இன்றும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் மலையாளமும் ஒலிப்பதைக் கேட்கலாம்.

பல்வலி வந்துவிட்டால் இரு வீட்டாரும் ஒரே கருத்தையே சொல்கின்றனர். தமிழர் ‘பூச்சிப்பல்’ என்பர். மலையாளிகள் ‘புழுப்பல்லு’ என்பர். பல்லுக்குள் புழு இருந்து அரிக்கிறது என்பது பாபிலோனிய நாட்டில் தோன்றிய காலத்தொட்டு உலகெங்கும் வழங்கிய பழைய நம்பிக்கை. அது பொய் என்று பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். புழு போயிற்று, சொல் மட்டும் நம்மிடம் நிலைத்துவிட்டது.

அண்மைக் காலத்தில் வேறொரு சொல்லும் இவ்வூர்களில் பரவியிருக்கிறது. அதுதான் ‘அலர்ஜி’. இவ்வட்டாரத்தில் பிறந்து பல் மருத்துவம் பயிலும் மாணவனாகிய நான், இச்சொல்லைக் கேளாத நாளில்லை. “மக்களே, எனக்கு ஊசி அலர்ஜியாக்கும், ஊசி போடாம மாத்திரை மட்டும் தந்தா மதி” என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பல்வலியே ஓர் அலர்ஜி என்று எண்ணுவோரும் உண்டு. இவ்வெண்ணங்களில் எது உண்மை, எது பிழை என்று அறிந்துகொள்வது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. ஒரு பல் நிற்பதும் விழுவதும், சிற்சில வேளைகளில் ஓர் உயிர் நிற்பதும் போவதும் இவ்வறிவைப் பொறுத்திருக்கின்றன. ஆகவே பல்லின் உள்ளே இருக்கும் கூழில் நடைபெறும் தற்காப்பைப் பற்றியும், ஒவ்வாமைக்கும் அதற்கும் உள்ள உறவைப் பற்றியும் இங்கே சுருங்கக் காண்போம்.

பற்கூழ் என்பது யாது?

பல்லின் வெளிப்புறத்தில் இருப்பது எனாமல். நம் உடலில் உள்ள பொருள்கள் யாவற்றிலும் மிகக் கடினமானது இதுவே. அதற்கு உள்ளே டென்டின் என்னும் பொருள் இருக்கிறது. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில் உள்ள சிற்றறையிலும், வேரின் வழியே ஓடும் கால்வாயிலும் மென்மையான தசை போன்ற ஒன்று நிறைந்திருக்கிறது. அதுவே பற்கூழ். இரத்தக் குழாய்கள், நரம்புகள், நிணநீர் வழிகள், பலவகை உயிரணுக்கள் எல்லாம் அதில் உண்டு. வளர்ந்த ஒருவரின் முப்பத்திரண்டு பற்களிலும் உள்ள கூழ் முழுவதையும் திரட்டினாலும் அரை மில்லிலிட்டர் தேறாது. இத்தனை சிறிய பொருள் ஓர் ஆளை இரவு முழுதும் உறங்கவிடாமல் செய்வது வியப்புக்குரியதே.

டென்டினைக் கல் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் ஊடே நுண்ணிய குழாய்கள் எண்ணற்றவை ஓடுகின்றன. கூழை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 45,000 குழாய்கள் உள்ளன. எனாமலை நெருங்கும்போது அவை 20,000 அளவுக்குக் குறைகின்றன. எனவே எனாமல் உடைந்து டென்டின் வெளிப்பட்டவுடன், கூழுக்குப் பல்லாயிரம் சாளரங்கள் திறந்துவிட்டன என்று கொள்ளவேண்டும். கிருமி நேரே கூழை அடைய வேண்டுவதில்லை. கிருமி கக்கும் அமிலமும் நஞ்சும் இக்குழாய்களின் வழியே முன்னதாகவே உள்ளே கசிந்துவிடும்.

கூழின் அமைப்பில் இரண்டு சிறப்புகள் உள்ளன. ஒன்று, அது நான்கு புறமும் கடினமான சுவரால் அடைபட்டிருப்பது. மற்றொன்று, அதற்கு இரத்தம் வந்து போவதற்கு வேரின் நுனியில், அரை மில்லிமீட்டரும் இல்லாத சிறு துளைகளே வாயிலாக இருப்பது. கையில் அடிபட்டால் கை வீங்குகிறது, வீங்குவதற்கு இடமுண்டு. கூழ் வீங்க இடமில்லை. பல்வலியின் கொடுமைக்கு இவ்வமைப்பே பெருங்காரணம்.

காவல் படைகள்

கூழின் ஓரத்தில், டென்டினைத் தொட்டவாறு ஒரு வரிசை உயிரணுக்கள் நிற்கின்றன. டென்டினை உண்டாக்குவது இவற்றின் தொழில். ஆதலின் இவற்றை டென்டின் ஆக்கும் அணுக்கள் எனலாம். முன்னாளில் இவற்றை வெறும் கொத்தர்களாகவே கருதினர். இன்றோ இவை காவலரும் ஆவர் என்று தெளிவாகியிருக்கிறது. இவற்றின் மேற்பரப்பில் ‘டோல்’ வகை ஏற்பிகள் உள்ளன. கிருமிகளுக்கே உரிய சில மூலக்கூறுகளை அடையாளம் காண்பது இவ்வேற்பிகளின் வேலை. பகைவரின் வாடை குழாயின் வழியே வந்தவுடன் இவ்வணுக்கள் வேதிப்பொருள்களைச் சுரந்து மற்றப் படைகளை அழைக்கின்றன. கூடவே புதிய டென்டினை உள்ளே அடுக்கிச் சுவரைத் தடிப்பாக்கவும் முயல்கின்றன.

இவற்றின் அருகே கிளைகள் விரித்த அணுக்கள் உள்ளன. இவை ஒற்றர்களைப் போன்றவை. பகைப்பொருளின் ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு, தாடையின் கீழே உள்ள நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று, அங்கே இருக்கும் டி வெள்ளணுக்களிடம் காட்டுகின்றன. பல்வலி வந்தவர்க்குத் தாடைக்கடியில் சிறு கட்டி தட்டுப்படுவது சில வேளைகளில் இதனால்தான்.

தற்காப்பு இரண்டு நிலைகளில் நடக்கிறது. முதல் நிலையில், யார் எவர் என்று நுணுகி ஆராயாமல், வந்த பகையை விழுங்கும் வெள்ளணுக்கள் விரைகின்றன. உடலின் அணுக்கள் பகைப்பொருளை விழுங்கிக் காக்கின்றன என்னும் உண்மையை உருசிய நாட்டு அறிஞர் மெட்ச்னிக்காஃப் நட்சத்திர மீனின் இளம் உருக்களை ஆராய்ந்து கண்டார். அதற்கென 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் நிலையில், பகைவனை இனங்கண்டு, அவனுக்கென்றே செய்த ஆயுதத்தோடு டி வெள்ளணுக்களும் பி வெள்ளணுக்களும் வருகின்றன. பி அணுக்கள் முதிர்ந்து எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. நலமான கூழில் டி அணுக்கள் சிறிதளவு உலவிக்கொண்டிருக்கும். பி அணுக்களைக் காண்பது அரிது. சொத்தை ஆழமாகி அழற்சி முற்றும்போது பி அணுக்களும் அவற்றின் வழிவந்த பிளாஸ்மா அணுக்களும் மிகுகின்றன. ஆகவே கூழில் பிளாஸ்மா அணுக்கள் மலிந்திருந்தால், போர் நெடுநாளாக நடக்கிறது என்று அறியலாம்.

நரம்புகளும் வாளாவிருப்பதில்லை. வலியை மூளைக்கு அறிவிப்பதோடு, ‘பொருள் பி’ போன்ற வேதிப்பொருள்களைத் தாமே கூழில் விட்டு, இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. அழைத்த படை வந்து சேர வழி அகலமாகிறது; ஆனால் அறையோ அகலவில்லை. உள்ளழுத்தம் கூடுகிறது, நரம்பு இன்னும் கூச்சங் கொள்கிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் ஏறுவதால், பகலில் பொறுக்கக்கூடிய வலி இரவில் பொறுக்க இயலாததாகிறது.

இங்கு ஒரு திருத்தம் சொல்லவேண்டும். அழுத்தம் கூடியவுடன் வேர்நுனியில் இரத்தக் குழாய்கள் நெரிந்து கூழ் முழுவதும் ஒரேயடியாக மாண்டுவிடும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. அக்கொள்கை இன்று கைவிடப்பட்டது. சொத்தைக்கு நேரே உள்ள ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் ஏறி, அங்கே சீழ் பிடித்திருக்க, சற்றுத் தள்ளி உள்ள கூழ் நலமாக இருப்பதும் உண்டு. கூழ் சிறிது சிறிதாகவே அழிகிறது. இவ்வுண்மையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

எலிகள் சொன்ன உண்மை

கூழ் அழிவதற்குக் காரணம் கிருமியா, காயமா, அன்றிக் கூழின் இயல்பான மென்மையா? இவ்வினாவுக்கு 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விடை கிடைத்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்சுஜெரால்டு என்னும் மூவர், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகள் 21, இயல்பாக வளர்ந்த எலிகள் 15 ஆகியவற்றின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துக் கூழை வெளிப்படுத்தினர். துளையை மூடவுமில்லை, மருந்து வைக்கவுமில்லை. உண்ட தீனியும் மயிரும் அத்துளைகளில் அடைந்து கிடந்தன.

இயல்பான எலிகளில் எட்டாம் நாளிலேயே கூழின் மேற்பாதி மாண்டிருந்தது. பின்னர் முழுவதும் அழுகியது. கிருமியற்ற எலிகளிலோ கூழ் உயிரோடு இருந்ததுடன், பதினான்காம் நாள் தொடங்கித் துளையின் குறுக்கே புதிய டென்டின் பாலம் அமைக்கவும் தொடங்கியது. காயத்தைக் கூழ் தானே ஆற்றிக்கொள்ளும். கிருமியை விலக்கிவிட்டால் போதும் என்பது இச்சோதனை தந்த பாடம். கூழ் கோழையன்று. இடுக்கமான களத்தில், ஓயாது வந்துகொண்டே இருக்கும் பகையோடு போரிடுவதால்தான் அது தோற்கிறது.

ஒவ்வாமை எங்கே வருகிறது?

‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே படைத்தார். மாறிய எதிர்வினை என்பதே அதன் கருத்து. ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல், மறுமுறை சந்திக்கும்போது வேறுவிதமாக நடந்துகொள்கிறது. அந்த மாற்றம் நன்மையாகவும் இருக்கலாம், தீமையாகவும் இருக்கலாம் என்றே அவர் கருதினார். நாளடைவில் நன்மைக்குத் ‘தடுப்பாற்றல்’ என்றும் தீமைக்கு ‘ஒவ்வாமை’ என்றும் பெயர் நின்றன. ஆனால் இரண்டையும் செய்வது ஒரே படைதான்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1902ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞர்களான ரிஷேயும் போர்ட்டியேயும் கடல் உயிரி ஒன்றின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பழக்க முயன்றனர். நாய்கள் பழகவில்லை, சில வாரங்கள் கழித்துச் செலுத்திய சிற்றளவிலேயே மூச்சுத் திணறி மாண்டன. காப்புக்கு எதிரானது என்னும் பொருளில் இதற்கு ‘அனாஃபிலாக்சிஸ்’ என்று பெயரிட்டனர். ரிஷே 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

1963ஆம் ஆண்டில் கெல், கூம்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் ஒவ்வாமையை நான்கு வகையாகப் பிரித்தனர். அவற்றைக் கூழோடு பொருத்திப் பார்ப்போம்.

முதல் வகை, உடனடி ஒவ்வாமை. இதில் இ வகை எதிர்ப்பொருள் மாஸ்ட் அணுக்களின்மேல் அமர்ந்திருக்கும். ஒவ்வாத பொருள் வந்து தொட்டவுடன் அவ்வணுக்கள் ஹிஸ்டமீனைக் கொட்டும். சில நிமிடங்களிலேயே தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் தோன்றும். நலமான கூழில் மாஸ்ட் அணுக்கள் அரிது. அழற்சியுற்ற கூழில் அவை காணப்படுகின்றன. ஆகவே இவ்வகைக்கு வேண்டிய கருவி கூழில் இருக்கிறது என்று கூறலாம்.

இரண்டாம் வகையில் எதிர்ப்பொருள் நேரே ஓர் அணுவின்மேல் படிந்து அதை அழிக்கிறது. கூழைப் பொறுத்தவரை இதற்குப் பெரிய இடமில்லை.

மூன்றாம் வகையில் எதிர்ப்பொருளும் பகைப்பொருளும் பிணைந்து கட்டியாகித் திசுவில் தங்குகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் தம் செரிமானப் பொருள்களைக் கொட்டி அத்திசுவையே புண்ணாக்குகின்றன. சுவீடன் நாட்டு அறிஞர் பெர்கன்ஹோல்ட்சும் அவருடைய துணைவரும் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. மாட்டு இரத்தப் புரதம் ஒன்றைக் குரங்குகளுக்கு முன்னரே செலுத்தி அவற்றைப் பழக்கினர். பின்னர் அப்புரதத்தையே பல்லில் தோண்டிய குழியில், டென்டினின்மேல் வைத்தனர். கூழைத் தொடாமலே கூழில் அழற்சி எழுந்தது. கிருமியே இல்லாவிடினும், உடல் முன்பே அறிந்த ஓர் அயற்பொருள் டென்டினைக் கடந்தால் கூழ் போருக்கு எழும் என்பது இதனால் விளங்கிற்று.

நான்காம் வகை, காலந்தாழ்ந்த ஒவ்வாமை. எதிர்ப்பொருளன்றி டி அணுக்களே இதை நடத்துகின்றன; ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படும். தனியே ஒவ்வாமை உண்டாக்க மாட்டாத சிறு வேதிப்பொருள்கள், நம் உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை அயற்பொருளாக உருமாற்றிவிடுவது இவ்வகையில் அடிக்கடி நிகழும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபார்மோகிரெசால். 1904ஆம் ஆண்டில் பக்லி என்பவர் அறிமுகப்படுத்திய இம்மருந்து நெடுங்காலம் குழந்தைகளின் பாற்பற்களில் கூழை உறையவைக்கப் பயன்பட்டது. அதனால் மாறிய கூழை நாய்களின் உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பதை 1970களில் நடந்த சோதனைகள் காட்டின. அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. வேறு நல்ல மருந்துகள் வந்துவிட்டமையால் பலரும் இதைக் கைவிட்டனர்.

இவற்றால் பெறப்படுவது என்ன? ஒவ்வாமைக்கு வேண்டிய எல்லாக் கருவியும் கூழில் உள்ளன. ஆனால் நாம் அன்றாடம் காணும் பல்வலி ஒவ்வாமையால் வருவதன்று. சொத்தைக் கிருமியால் வருவது. கிருமியை எதிர்க்கும் போரில் ஒவ்வாமையின் படைக்கலங்களும் எடுத்தாளப்படுகின்றன. அவ்வளவே. ஆகவே ஒவ்வாமைக்குரிய மாத்திரை பல்லின் சொத்தையைத் தீர்க்காது. மீனையும் கத்தரிக்காயையும் விலக்கினால் பல்வலி தீரும் என்று காத்திருப்பதும் பயனற்றது.

நம் ஊர்ப் பொருள்கள் மூன்று

ஒவ்வாமை பல் மருத்துவத்தில் உண்மையாகவே வரும் இடங்களும் உண்டு. அவற்றை அறிய நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை.

முதலாவது, கிராம்பு. எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்து மலைச்சரிவுகளில் விளையும் கிராம்பு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனால். சிற்றளவில் அது நரம்பின் கூச்சத்தைத் தணிக்கும். ஆதலால்தான் பாட்டிமார் பஞ்சில் தோய்த்து வைப்பது ஓரளவு பலிக்கிறது. துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல் மருத்துவரும் அதைத் தற்காலிக அடைப்பாகப் பயன்படுத்துகின்றனர். ஆனால் அடர்த்தியாக ஊற்றினால் அது உயிரணுக்களைக் கொல்லும். ஈறும் கன்னமும் வெந்துபோகும். சிலர்க்கு அது நான்காம் வகை ஒவ்வாமையையும் உண்டாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலி தணிந்தது என்பதற்காகக் கிருமி வெளியேறிவிட்டது என்று பொருளன்று.

இரண்டாவது, ரப்பர். நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அப்பாலில் உள்ள சில புரதங்கள் முதல் வகை ஒவ்வாமையைத் தூண்ட வல்லவை. 1987ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எல்லா நோயாளரிடத்தும் ஒரே வகையான முன்காப்பு வேண்டும் என்று அறிவுறுத்தியபின் கையுறைப் பயன் பெருகியது. ரப்பர் ஒவ்வாமையும் பெருகியது. பல் மருத்துவர் கையுறையும், வேர் மருத்துவத்தின்போது பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர்த் திரையும் வாயைத் தொடுவன. ரப்பர் ஒவ்வாதவர்களில் ஒரு பகுதியினர்க்கு வாழைப்பழம், பப்பாளி போன்ற கனிகளும் ஒவ்வா; இரண்டிலும் ஒத்த புரதங்கள் இருப்பதே காரணம். ஆகவே மட்டியோ நேந்திரனோ தின்றவுடன் வாய் அரிக்கிறது, பலூன் ஊதினால் உதடு தடிக்கிறது என்போர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும். நைட்ரைல் போன்ற வேறு பொருளால் ஆன கையுறைகள் உள்ளன.

மூன்றாவது, குட்டா பெர்ச்சா. வேர்க்கால்வாயை நிரப்பும் இப்பொருளும் ஒரு மரத்தின் பாலே. ஆனால் அது மலேயாப் பகுதியில் வளரும் மரம். நம் இலுப்பையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ரப்பர் மரத்தின் உறவன்று. ஆகையால் ரப்பர் ஒவ்வாதவர்க்கும் இதனால் தீங்கு நேர்வது மிக அரிது. இருப்பினும் மருத்துவர் அறிந்திருத்தல் நன்று.

ஊசியும் மாத்திரையும்

இனி ‘ஊசி அலர்ஜி’யைப் பார்ப்போம். இன்று பல் மருத்துவத்தில் பெரும்பாலும் பயன்படும் மரப்பு மருந்து லிக்னோகெய்ன். இதை 1943ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் லோஃப்கிரென், லுண்ட்குவிஸ்ட் என்னும் இருவர் ஆக்கினர். அதற்கு முன்பிருந்த புரோகெய்ன் ஒவ்வாமை உண்டாக்குவதில் பெயர் பெற்றது. லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிகமிக அரிது. பின் ஏன் பலர் தமக்கு அலர்ஜி என்கின்றனர்? ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடத்திருக்கும்; அது மருந்தோடு சேர்த்த அட்ரினலின் செய்த வேலை. சிலர் மயங்கி விழுந்திருப்பர். அது அச்சமும் பசியும் செய்த வேலை. இவற்றை ஒவ்வாமை என்று எண்ணி, ஊசியையே மறுத்து, காப்பாற்றக்கூடிய பல்லை வலியோடு வைத்திருந்து இழப்போர் உளர். ஐயமிருந்தால் சோதித்தறிய வழியுண்டு. உடலெங்கும் தடிப்போ, மூச்சுத் திணறலோ, உதடும் நாவும் வீங்கியதோ நேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆஸ்துமா உள்ளவரும் சொல்லவேண்டும். அட்ரினலின் கெடாதிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டு சிலர்க்கு ஒவ்வாது.

ஊசிக்கு அஞ்சுவோர் மாத்திரைக்கு அஞ்சுவதில்லை. இதுவே பெருந்துன்பம். பல்வலி என்றதும் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கும் வழக்கம் எல்லைக்கு இரு புறத்தும் உண்டு. கூழ் அழற்சியால் வரும் வலிக்கு அம்மாத்திரை உதவுமா? ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மீளாத கூழ் அழற்சியுடைய நாற்பது பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்குப் பெனிசிலினும் மறு கூற்றார்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் ஏழு நாள் கொடுத்தனர். வலியில் வேறுபாடு காணப்படவில்லை. 2019ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும், உடல்நலம் உடைய பெரியவர்க்கு இத்தகைய வலியில் ஆன்டிபயாட்டிக் வேண்டா என்று வழிகாட்டியது. காரணம் எளிது. வலியைத் தருவது மூடிய அறையில் நடக்கும் அழற்சி; மாத்திரை அவ்வறையைத் திறக்காது; சொத்தையில் குடியிருக்கும் கிருமியையும் அகற்றாது. கூழ் மாண்டபின்னரோ அங்கு இரத்தமே ஓடாது; மருந்து எப்படிப் போய்ச் சேரும்? முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, நோய் பரவும்போது அதற்கு இடமுண்டு. அப்போதும் பல்லுக்குரிய மருத்துவத்தோடு சேர்த்தே கொடுக்கவேண்டும்.

பயனில்லை என்பதோடு முடிந்திருந்தால் கவலையில்லை. பெனிசிலினும் அதன் வழிவந்த அமாக்சிசிலினும் முதல் வகை ஒவ்வாமையை, அனாஃபிலாக்சிஸ் வரையில், உண்டாக்க வல்லவை. கூழுக்கு உதவாத மாத்திரை, ரிஷேயின் நாய்களுக்கு நேர்ந்ததை மனிதனுக்கு நேர்விக்கக்கூடும். பல்வலியில் உயிருக்கு ஊறு செய்யும் அலர்ஜி பல்லில் இல்லை. நாம் கேட்டு வாங்கும் சீட்டற்ற மாத்திரையில் இருக்கக்கூடும். மருந்துக்குக் கிருமிகள் அடங்காமற்போகும் கேடும் உடன் வளர்கிறது. கேரள அரசு இதற்கெனத் தனிச் செயல்திட்டத்தை 2018ஆம் ஆண்டில் வகுத்தது. சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்னும் பெயரில் கடைகளைச் சோதிக்கவும் தொடங்கியது. களியக்காவிளையைக் கடந்தால் சட்டம் மாறிவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. மருந்துச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே.

கூழைக் காக்கும் வழி

கூழ் சிறிது சிறிதாகவே அழிகிறது என்று முன்னர்க் கூறினோம். அதன் பயன் இதுதான்: காலத்தே வந்தால் கூழைக் காக்கலாம்.

குளிர்ந்த நீர் பட்டவுடன் சுரீர் என்று வலித்து, நீர் போனதும் சில நொடிகளில் வலியும் போய்விட்டால், அழற்சி பெரும்பாலும் மீளக்கூடியது. சொத்தையை நீக்கி அடைத்துவிட்டால் கூழ் தேறிவிடும். குளிரோ சூடோ போனபின்னும் வலி நீடித்தால், ஒன்றும் படாமலே தானாக எழுந்தால், உறக்கத்தைக் கலைத்தால், அழற்சி முற்றிவிட்டது. அதன்பின் வலி திடீரென்று நின்றுவிட்டால் மகிழ்வதற்கில்லை. நோய் தீராமல், நோயை உணர்த்தும் கூழே மாண்டிருக்கலாம்.

முற்றிய நிலையிலும் இன்று வழிகள் பெருகியுள்ளன. ஜெர்மானியரான ஹெர்மன் 1920ஆம் ஆண்டில் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கூழ் மருத்துவத்திற்குக் கொண்டுவந்தார். சுண்ணாம்போடு நீர் சேர்ந்தால் உண்டாகும் பொருளே அது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பின் உடன்பிறப்பு. ஆயினும் வெற்றிலைச் சுண்ணாம்பைச் சொத்தையில் வைக்கலாகாது, வாய் வெந்துவிடும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாது என்பவரும் அவருடைய துணைவரும் எம்.டி.ஏ. என்னும் சிமெண்டு வகையை வெளியிட்டனர். வீடு கட்டும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு நெருங்கிய உறவு கொண்டது அது. ஈரத்திலும் இறுகும், கிருமி புகாமல் அடைக்கும், கூழைப் புண்படுத்தாமல் புதிய டென்டின் பாலம் கட்டத் தூண்டும். இத்தகைய பொருள்கள் வந்தபின், அழுகிய மேற்பகுதிக் கூழை மட்டும் நீக்கி, வேரில் உள்ள நலமான கூழை உயிரோடு விட்டுவைக்கும் மருத்துவம் பெரியவர்களின் பற்களிலும் வெற்றி காண்கிறது. எலிகளின் சோதனை காட்டிய பாடமே இங்குச் செயலாகியுள்ளது. கூழ் முழுவதும் கெட்டிருந்தால் வேர் மருத்துவம் உண்டு. பல்லைப் பிடுங்குவது கடைசி வழியாக இருக்கவேண்டும்.

மருத்துவ உதவிக்கு நம்மவர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1959ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவுதான்.

தமிழில் சொல்லுவோம்

எல்லைப்புறத்தில் நமக்கு வேறு ஓர் இடர்ப்பாடும் உண்டு. பள்ளியில் கற்றது மலையாளம்; வீட்டில் பேசுவது தமிழ்; மருத்துவர் எழுதுவது ஆங்கிலம். இம்மூன்றுக்கும் இடையே நோயாளி சொல்ல வந்த செய்தி நழுவிவிடுகிறது. ‘அலர்ஜி’ என்னும் ஒரு சொல்லுக்குள் படபடப்பு, மயக்கம், வயிற்றெரிச்சல், தடிப்பு எல்லாம் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அயல்நாட்டவர் ஒருவர் அன்று செய்ததை இன்று நாம் நம் வீட்டு முற்றத்திலாவது செய்யவேண்டாமா?

எனவே, நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டாரிடம் நான்கு செய்திகள் சொல்லுங்கள். சொத்தையில் இருப்பது புழு அன்று, கிருமி. நாள் கடத்தினால் கூழ் சாகும். குளிரில் ஒரு நொடி எடுக்கும் கூச்சமே முதல் அழைப்பு; அப்போதே மருத்துவரைக் காணவேண்டும். கடையில் மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது. முன்பு எந்த மருந்து, எந்தப் பொருள், எவ்வளவு நேரத்தில், உடலில் என்ன செய்தது என்பதை ஒரு தாளில் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டவேண்டும். அத்தாள் தமிழில் இருந்தாலும் மலையாளத்தில் இருந்தாலும் குற்றமில்லை. ‘அலர்ஜி’ என்ற ஒற்றைச் சொல்லாக மட்டும் இருக்கலாகாது.